டாலி விழாத படகு

சென்ற மாதம் ஜோசப் ஆப்பிரிக்காவிலிருந்து போனில் கூப்பிட்டான். ரங்கூன் ஆற்றுத்துறையில் என்னிடம் டாலி கிளார்க் வேலை பழகியவன். இப்போது சரக்குக் கப்பலில் இருக்கிறான். மேற்குக் கரையில் ஒரு துறைமுகத்தில் கப்பல் பல நாளாகக் காத்துக் கிடக்கிறதாம். நாட்டின் பெயரைச் சொன்னான், இரைச்சலில் எனக்கு விளங்கவில்லை.

"துறைமுகம் பூரா அதிபரு படந்தான் அண்ணே. கிரேன் அவரு மச்சானுது, குடோன் அவரு மகனுது. ஜனங்களுக்கு வந்த அரிசிய எறக்க விடாம வெச்சிருக்காங்க. இன்னிக்குக் காலையில பொம்பளைங்க கூட்டமா வந்தாங்க. கல்லெடுப்பாங்கன்னுதான் நெனச்சேன். ஒண்ணும் பண்ணல. அவரு படத்துக்கு முதுகக் காட்டி உக்காந்துட்டாங்க. ஒரு சத்தமில்ல. எனக்கு மயிர் கூச்செறிஞ்சு போச்சு. நம்ம ஸயாஜியோட டிராயர் ஞாபகம் வந்துருச்சு அண்ணே."

"அத ஏன் இப்ப கெளப்புற?" என்றேன்.

"எழுதி வையுங்க. நீங்களும் போயிட்டா அதச் சொல்ல ஆளில்ல" என்றான். நான் போவதைப் பற்றி அவனுக்கு அவ்வளவு அக்கறை. சரி, எழுதுகிறேன். எனக்கும் இப்போது பதவி உயர்வு நிற்கப் போவதில்லை.

நான் படித்தது மிஷன் பள்ளி. அங்கே எனக்குக் கிடைத்தது பிரம்படியும் நல்ல கையெழுத்தும். அப்பா துறைமுகத்தில் பாரம் தூக்கும் வின்ச் ஓட்டியவர் என்பதால் கையெழுத்தோடு நானும் ஆற்றங்கரைக்கே போய்ச் சேர்ந்தேன். த்வாண்டே கால்வாய் வழியாக நெல்லும் மண்பானைகளும் கொண்டுவரும் நாட்டுப்படகுகள் நிற்கும் ஜெட்டி அது. படகிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணிச் சொல்வது டாலி கிளார்க்கின் வேலை. கேட்க எளிதாக இருக்கும். வெயிலில் நின்று ஒரு நாள் எண்ணிப் பார்த்தால் தெரியும்.

பானை எண்ணுவதற்கு ஒரு முறை உண்டு. படகுக்காரர் கைமாற்றித் தரும் ஒவ்வொரு பானையையும் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டுவேன். கணீரென்றால் நல்ல பானை. பொத்தென்றால் விரிசல், ஓரமாகப் போய்விடும். தட்டிக்கொண்டே எண்ணிக்கையை உரக்கச் சொல்ல வேண்டும். முதல் பானைக்கு ஒன்று என்று சொல்வதில்லை. நெல் அளக்கும் நம் ஆட்கள் சொல்வதுபோல 'லாபம்' என்றுதான் தொடங்குவோம். பிறகு இரண்டு, மூன்று. ஜெட்டிக்கு வரும் பர்மியப் படகுக்காரர்கள் எல்லோருக்கும் தமிழில் அந்த ஒரு சொல் தெரியும். த்வாண்டேயிலிருந்து பானை கொண்டுவரும் கோ சோ நான் வாயைத் திறப்பதற்கு முன்பே "லாபம்!" என்று கத்திவிட்டுச் சிரிப்பான். எண்ணுவது நானா நீயா என்று நான் அவனைத் திட்டுவேன்.

இன்னொரு விதியையும் சொல்லிவிட வேண்டும், இந்தக் கதையே அதில்தான் நிற்கிறது. டாலி சொல்லத் தொடங்கும்வரை அந்தப் படகு வந்ததாகக் கணக்கில்லை. கண்ணெதிரே நின்றாலும், படகுக்காரன் அதில் சோறு பொங்கித் தின்றுகொண்டிருந்தாலும், டாலி விழாத படகு வராத படகுதான். எப்போது டாலி போடலாம் என்று சொல்லும் அதிகாரம் ஜெட்டித் தலைவருக்கு மட்டுமே உண்டு.

எண்பத்தெட்டில் பட்டாள ஆட்சியை எதிர்த்து எழுந்த கலவரம் அடங்கிச் சில ஆண்டுகள் கழித்து எங்களுக்குத் தலைவராக வந்தவரை நாங்கள் ஸயாஜி என்போம். பெரிய ஐயா என்று பொருள். பெயர் வேண்டாம். பட்டாளத்திலிருந்து வந்தவர். பட்டாளத்துக்காரர் என்றால் அதட்டல் இருக்கும் என்று நினைத்தோம். இவர் குரலே உயராது. வெள்ளைச் சட்டையில் ஒரு கறை இருக்காது. என் மகளுக்குக் காய்ச்சல் என்று யாரோ சொல்லக் கேட்டு, மறுநாள் அவள் பெயரைச் சொல்லி விசாரித்தார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு அதுதான் உறுத்தியது. அவள் பெயரை நான் அவரிடம் சொன்னதே கிடையாது.

அவருடைய அறை ஜெட்டியின் மேலேயே இருந்தது. பலகைத் தரை. பலகை இடுக்கு வழியாகக் கீழே ஆறு போவது தெரியும். அதன் நடுவே ஒரு தேக்கு மேசை. படகுக்காரர் யாராவது வந்து நின்றால், ஸயாஜி மேசையின் டிராயரை ஒரு சாண் அளவுக்கு இழுத்து வைப்பார். பிறகு முகத்தைத் திருப்பிச் சன்னல் வழியே ஆற்றைப் பார்ப்பார். வந்தவர் போட வேண்டியதைப் போட்டதும், திரும்பிப் பார்க்காமலே, "கோ ஆரோக்கியம், டாலி போடு" என்பார். ஆரோக்கியம் நான்; கோ என்பது பர்மியர்கள் ஆண்களின் பெயருக்கு முன்னால் வைக்கும் மரியாதை.

"நான் யாரிடமும் கை நீட்டியதில்லை" என்று அடிக்கடி சொல்லுவார். அது முழு உண்மை. அவர் கையை நீட்டி நாங்கள் பார்த்ததே இல்லை. டிராயர்தான் வாயைத் திறக்கும். அந்த டிராயருக்கு மேலே இன்னும் பெரிய டிராயர்கள் இருந்தன, அவற்றுக்கும் மேலே ஒன்று இருந்தது. அது எந்த வீட்டில் இருந்தது என்று ஊருக்கே தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம்.

ஒரு மழைக்காலத் தொடக்கத்தில் கோ சோ பானைகளோடு வந்தான். வழக்கம்போல் டிராயர் திறந்தது, ஸயாஜி ஆற்றைப் பார்த்தார். கோ சோ இடுப்பிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்ன மண்பானையை எடுத்து அதற்குள் வைத்தான். குழந்தைகள் சொப்பு விளையாடுவது.

"இந்தத் தடவ சூளையில பாதி உடைஞ்சு போச்சு ஸயாஜி. எங்கிட்ட இருக்கிறது இதுதான்" என்றான், அவனுடைய சிரிப்போடு.

ஸயாஜியும் சிரித்தார். "பரவாயில்லை. படகை வெளிப்பக்கம் கட்டிக் காத்திரு. கூப்பிடுகிறேன்" என்றார். டாலி போடு என்று சொல்லவில்லை.

வெளிப்பக்கம் என்றால் நடு ஆற்றைப் பார்த்த பக்கம். பெரிய கப்பல்கள் போனால் அலை அங்கேதான் வந்து மோதும். பாரம் ஏற்றிய நாட்டுப்படகை அங்கே ஒரு வேளைகூடக் கட்டி வைக்கக் கூடாது. கோ சோ நாள்கணக்கில் அங்கே கிடந்தான். நான் இரண்டு முறை ஸயாஜியிடம் போய் நினைவூட்டினேன். "ஆமாம், இருக்கிறான் அல்லவா" என்று சொல்லிவிட்டு என் மகளின் படிப்பைப் பற்றி விசாரித்தார். நான் வெளியே வந்துவிட்டேன்.

ஒரு நாள் மத்தியானம் திடீரென்று காற்று மாறி மழை அடித்தது. அந்த நேரம் பார்த்து ஒரு கப்பல் கடந்தது. மழை விட்டபின் நாங்கள் வெளியே வந்து பார்த்தால் வெளிப்பக்கத்தில் படகு இல்லை. கட்டிய கயிறு மட்டும் இருந்தது. ஜெட்டியின் தூணிலிருந்து நேராக ஆற்றுக்குள் இறங்கி, நாண் ஏற்றியதுபோல் விறைத்து நின்றது. மழைக்கு ஒதுங்கி கோ சோ படகின் கூரைக்கடியில் படுத்திருந்ததை எல்லோரும் பார்த்திருந்தோம்.

மிதவைக் கிரேன் வந்தால் படகைத் தூக்கிவிடலாம். அதைக் கூப்பிட ஸயாஜி கையெழுத்துப் போட வேண்டும். போய்க் கேட்டோம்.

"எந்தப் படகு?" என்றார். "டாலி விழுந்ததா?"

"இல்ல, ஸயாஜி."

"அப்படியானால் வரவில்லையே. வராத படகு எப்படி மூழ்கும்? அவன் காலையிலேயே ஊருக்குத் திரும்பியிருப்பான். அந்தப் பழைய கயிற்றை அறுத்து விடச் சொல்."

படகு மூழ்கியதென்று ஒப்புக்கொண்டால், ஏன் வெளிப்பக்கம் கட்டச் சொன்னாய் என்று மேலே கேட்பார்கள். அவருக்கு வேண்டியது அந்தக் கேள்வி வராமல் இருப்பது. சுமைகூலிகளின் மேஸ்திரி முனியாண்டியிடம் கயிற்றை அறுக்கச் சொன்னேன் — உத்தரவைச் சொல்ல வேண்டியது என் கடமை. "கத்தி இல்லிங்க பாபு" என்றான் முனியாண்டி. கத்தி அவன் இடுப்பில் தெரிந்தது. மற்றவர்களிடமும் அன்றைக்குக் கத்தி இல்லாமல் போயிற்று. கயிறு அப்படியே நின்றது.

மறுநாள் தொடங்கியது அது. நான் பேய் பிசாசை நம்புகிறவன் அல்ல. படகில் பானைகளைக் கவிழ்த்து, வைக்கோல் வைத்துக் கட்டி அடுக்குவார்கள். உள்ளே காற்று நிற்கும். வைக்கோல் நனைந்து கட்டுத் தளரத் தளர, பானைகள் ஒவ்வொன்றாகக் கழன்று மேலே வரும். எல்லாவற்றுக்கும் காரணம் எனக்குத் தெரியும். ஆனாலும் ஓதம் ஏறும்போது, கலங்கல் தண்ணீரைப் பிளந்துகொண்டு, ஆள் தலை அளவில் ஒரு பானை சத்தமில்லாமல் எழுந்து கயிற்றின் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தபோது நான் சிலுவை போட்டுக்கொண்டேன். சில பானைகள் ஜெட்டிக்கு அடியில் போய்விடும். அங்கே தூணில் மோதும். கணீர். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கணீர். ஸயாஜியின் அறையில் உட்கார்ந்தால், யாரோ கீழே இருந்து விரல் முட்டியால் தரையைத் தட்டி எண்ணிக் கொண்டிருப்பதுபோலக் கேட்கும். அவர் தலை நிமிராமல் காகிதம் பார்த்துக்கொண்டிருப்பார். நானும் நிமிர மாட்டேன்.

கோ சோவின் மனைவி மா மியா த்வாண்டேயிலிருந்து வந்தாள். கன்னத்தில் பூசிய தனாக்கா மரப்பட்டைச் சாந்து காய்ந்து வெடித்திருந்தது. அழவில்லை. கயிற்றைக் கையால் பிடித்துப் பார்த்தாள். பிறகு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

அதைப் பார்த்த கூலிகளுக்குத் தாங்கவில்லை. மூட்டை தூக்கும் இரும்புக் கொக்கிகளோடு கூடிவிட்டார்கள். "இழுத்துட்டு வந்து அதே தண்ணியில எறக்குவோம்டா" என்று ஒருவன் கத்தினான். முனியாண்டியே கொக்கியைக் கையில் எடுத்திருந்தான். எண்பத்தெட்டில் பட்டாளம் சுட்ட பிறகு, ஸூலே பகோடா பக்கத்துத் தெருவில் ஆட்கள் யாரும் இல்லாமல் செருப்புகள் மட்டும் இறைந்து கிடந்ததைப் பார்த்தவன் நான். தொடங்கினால் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

மா மியா உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினாள். பர்மியத்தில்தான், ஆனால் எல்லோருக்கும் புரிந்தது. "அவர அடிச்சீங்கன்னா பட்டாளம் வரும். ஜெட்டிய மூடுவாங்க. என் புருசன யாரு மேல கொண்டு வருவா? எனக்கு ஸயாஜியோட உயிர் வேண்டாம். கையெழுத்து வேணும். கொக்கிய உள்ள வையுங்க."

முனியாண்டி கொக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டான். "தங்கச்சி சொல்றபடி செய்வோம்" என்றான்.

அவள் எழுந்து ஸயாஜியின் அறைக்குப் போனாள். மொழி பெயர்க்க வேண்டியதில்லை என்றாலும் நானும் பின்னால் போனேன். யாரோ வந்து நிற்கிறார்கள் என்றதும் அவருடைய கை பழக்கத்தில் டிராயரை இழுத்துவிட்டது. முகம் ஆற்றுப்பக்கம் திரும்பியது. மா மியா லுங்கி முனையில் முடிந்திருந்ததை அவிழ்த்து உள்ளே போட்டாள். டங்கென்று சத்தம் கேட்டது. நாட்டில் நாணயமே புழங்காத காலம் அது. ஸயாஜி திரும்பிப் பார்த்தார். பழைய காசு ஒன்று கிடந்தது.

பர்மியர்கள் இறந்தவர் வாயில் ஒரு காசு வைப்பார்கள். கடோகா என்பார்கள், படகுக்கூலி. அந்தக் கரைக்குப் போய்ச் சேர.

"அவருக்கு வெக்க வாயக் காணோம் ஸயாஜி" என்றாள் மா மியா. "இங்க வெச்சுட்டுப் போறேன்." கும்பிட்டுவிட்டு மறுபடியும் கயிற்றடிக்குப் போய்விட்டாள். ஸயாஜி டிராயரைச் சாத்தினார். கீழே ஒரு பானை தட்டியது.

வாசலில் நின்ற முனியாண்டி எல்லாவற்றையும் பார்த்திருந்தான். மறுநாள் காலை வேலைப் பில்லை வாங்கக் கூலிகள் வரிசையாக ஸயாஜியின் மேசைக்கு வந்தார்கள். பில்லை கொடுக்கும் நேரத்தில் டிராயர் எப்போதும் திறந்திருக்கும். அதற்கும் ஒரு மாமூல் உண்டு. முனியாண்டி மடியிலிருந்து ஒரு சிட்டிகை பச்சரிசி எடுத்து, கையை மூன்று முறை சுற்றி, டிராயருக்குள் போட்டான். பில்லையை வாங்கிக்கொண்டு போனான். அடுத்தவனும் போட்டான். அதற்கடுத்தவனும். அவர்கள் கூடிப் பேசி வைத்துச் செய்ததாகக்கூட எனக்குத் தெரியவில்லை. ஒரு மனிதன் உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே ஊர் கூடி அவனுக்கு வாய்க்கரிசி போடுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இது தினமும் நடந்தது. வேடிக்கை என்னவென்றால், ஸயாஜிக்கு அது பிடித்திருந்தது. காசை அவர் உடனே புரிந்துகொண்டார். அரிசி புரியவில்லை. எது வந்தாலும் காணிக்கை என்றே எடுத்துப் பழகிய மனிதர். மழை ஈரத்தில் தேக்கு ஊதி, அரிசி இடுக்கில் இறங்கி, டிராயர் ஒரு நாள் சாத்த முடியாமல் மாட்டிக்கொண்டது. அதன் பிறகு நாள் முழுவதும் ஒரு சாண் திறந்தபடியே இருந்தது. உள்ளே அரிசி புளித்து ஒரு வாடை வந்தது.

ஒரு காலையில் கூலிகள் போனபின் என்னை நிறுத்தினார். "உங்கள் ஆட்களுக்கு ஏதாவது திருவிழாவா, கோ ஆரோக்கியம்?" பேசிக்கொண்டே, அன்று விழுந்த அரிசியிலிருந்து நாலு மணியை எடுத்து வாயில் போட்டு மென்றார். வெறும் வாயை மெல்லுகிறவர்கள் செய்வதுதான்.

"திருவிழா இல்ல, ஸயாஜி."

"பிறகு?"

நான் சொல்லாமல் தப்பித்திருக்கலாம். கயிற்றடியில் மா மியா உட்கார்ந்திருப்பது சன்னல் வழியே தெரிந்தது. "உங்கள்ல வாயில காசு வெக்கிறீங்கல்ல, அவங்கள்ல அரிசி" என்றேன். "வீட்டுல கெடத்தி, தூக்கிறதுக்கு முன்னால, சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா வந்து போடுவாங்க."

மென்ற வாய் நின்றது. அவர் துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை.

"நீ போடவில்லையே" என்றார் கடைசியில்.

"நான் கிறிஸ்தவன், ஸயாஜி. எங்கள்ல ஒரு பிடி மண்."

"அது எப்போது?"

"குழியில எறக்கினப்புறம்."

அவரை நாங்கள் யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை, ஒரு விரல் தொடவில்லை. அதற்காக இன்றைக்கும் என்னால் பெருமைப்பட்டுக்கொள்ள முடியவில்லை. அந்த முகத்தைப் பார்த்தவன் நான். ஆனால் கொக்கிகளை நினைத்துப் பார்க்கும்போது, இது நடந்ததே நல்லது என்றுதான் தோன்றுகிறது.

அன்று ஓதம் ஏறும் நேரத்தில் ஸயாஜி அறையை விட்டு வெளியே வந்தார். மழைத்தூறலில் வெள்ளைச் சட்டை நனைய, ஜெட்டியின் விளிம்புக்கு நடந்து வந்தார். கூலிகள் வேலையை நிறுத்தி விலகி வழிவிட்டார்கள். மா மியா எழுந்திருக்கவில்லை. கயிற்றின் பக்கத்தில் ஒரு பானை எழுந்தது. வாய் கீழே, முதுகு மேலே, மெதுவாகச் சுற்றிக்கொண்டு.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எப்போதும் பேசும் அதே சின்னக் குரலில், "கோ ஆரோக்கியம், டாலி போடு" என்றார்.

அந்த இரண்டு சொல்லுக்குத்தான் மா மியா காத்திருந்தாள். டாலி விழுந்தால் படகு வந்துவிட்டது. வந்த படகு இப்போது எங்கே என்ற கேள்விக்கு இனி அவர்தான் பதில் சொல்ல வேண்டும். முனியாண்டி கழியால் பானையை இழுத்து என் கையில் கொடுத்தான். முட்டியால் தட்டினேன். கணீரென்றது. வாயைத் திறந்தேன், அந்தச் சொல் வரவில்லை. முதல் பானைக்கு என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்குமுன் அதைக் கத்துகிறவன் தண்ணீருக்கடியில் இருந்தான்.

"லாபம்" என்றேன். எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் உரக்கச் சொன்னேன். மா மியா அப்போதுதான் அழுதாள்.

ஸயாஜிக்கு என்ன தண்டனை கிடைத்தது என்று, அதற்குப் பிறகு வேலைக்கு வந்த ஜோசப் போன்றவர்கள் கேட்பார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. சில மாதங்களில் இன்னும் பெரிய மேசைக்கு மாற்றலாகிப் போனார். மேலே இருந்த டிராயர்கள் மேலேயே இருந்தன. எங்கள் ஜெட்டிக்கு வேறொருவர் வந்தார். அவர் மேசையைத் தூக்கிப் போடச் சொல்லிவிட்டார், காரணம் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆனால் மிதவைக் கிரேன் வந்த நாளை நான் மறக்க மாட்டேன். கயிறு நனைந்து கறுத்து மேலே வந்தது, அதன் பின்னால் படகு வந்தது. கூரைக்கடியில், உடையாத பானைகளுக்கு நடுவே, கோ சோ இருந்தான். பலகையில் கிடத்தி ஒரு லுங்கியால் மூடினார்கள். மா மியா ஆற்றுத் தண்ணீர் வேண்டாமென்று குடத்தில் நல்ல தண்ணீர் வாங்கி அவன் முகத்தைக் கழுவினாள். பிறகு வாயருகில் குனிந்தாள்.

ஸயாஜி கூட்டத்தைக் கடந்து முன்னால் வந்தார். அவள் எதிரே நின்று கையை நீட்டினார். உள்ளங்கையில் அந்தப் பழைய காசு இருந்தது. அத்தனை நாளும் அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார் போலிருக்கிறது.

மா மியா நிமிர்ந்து காசைப் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். குரலில் கோபமே இல்லை. "அவருக்கு வேற கொண்டு வந்திருக்கேன், ஸயாஜி. அது உங்களுக்குப் போட்டது, நீங்களே வெச்சுக்குங்க" என்றாள்.

அவள் லுங்கி முனையின் முடிச்சை அவிழ்த்து இன்னொரு காசை எடுத்துக் கணவனின் வாயில் வைத்தாள். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். நிமிர்ந்தபோதும் ஸயாஜியின் கை நீட்டியபடியே இருந்தது.